இரவல் கீப்பர்

இடைவேளை முடிந்து இரண்டு அணிகளும் மறுபடி இறங்கியபோது டில்லிபாபு காலரியின் மேல் வரிசையில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோல்கீப்பரின் கை பொல்லாதது. வேலை கொடுக்காமல் விட்டால் தானாக எதையாவது பிடிக்கப் போய்விடும். முதல் பாதியில் ஒரு பந்து கோல் வாசலுக்கு நேரே உயரமாகத் தொங்கியபோது, இங்கே இவனுடைய வலது கை எழும்பிப் போய்ப் பக்கத்து ஆளின் கடலைப் பொட்டலத்தைக் கொட்டிவிட்டது. அவர் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். கோபித்துக்கொள்ளவில்லை. உற்றுப் பார்த்து, "ஏனுங், நீங்க நம்ம கீப்பருதானுங்களே? இன்னைக்கு எதுக்குங் மேல உக்காந்துட்டீங்?" என்றார். அடி கிடி பட்டுவிட்டதா என்று முழங்காலை வேறு பார்த்தார். "அதெல்லாம் இல்லண்ணா. நான் மெட்ராஸ் கிளப்பு ஆளு, நெய்தல். ஒரு சீசனுக்கு உங்க நொய்யல் டீமுக்கு லோன்ல வந்துகிறேன். எல்லார் கூடவும் ஆடலாம், அவங்களுக்கு எதிரா மட்டும் எறங்கக் கூடாதுன்னு அக்ரிமெண்ட்டு." பட்டறைக்காரர் மீதமிருந்த கடலையை மென்றபடி யோசித்தார். "அதாவதுங், எரவல் வாங்குன கடப்பாரையில குடுத்தவன் செவுத்தையே இடிக்கக் கூடாதுங்கறாங்க." "அதேதாண்ணா." "நாயந்தானுங்களே" என்றார் அவர், ஏதோ பஞ்சாயத்தைத் தீர்த்துவிட்ட திருப்தியில். நியாயம்தான். கையெழுத்துப் போடும்போது டில்லிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தன் வீட்டுச் சுவரைத் தானே இடிக்க எவன் ஆசைப்படுவான். இறங்கக் கூடாது என்று மட்டும்தான் அதில் இருந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்றும் ஒரு வரி எழுதியிருந்தால் எவ்வளவு புண்ணியமாகப் போயிருக்கும் என்று இப்போது நினைத்தான். யாருமே கேட்கவில்லை. அதுதான் விஷயம். காலையில் யாருமே இவனைக் கேட்கவில்லை.

கேட்காததைச் சொல்லும் புத்தி எங்கிருந்து வந்தது. வியாசர்பாடியில் ஒரு கேள்விக்கு இரண்டு பதில் சொன்னால் அம்மா உதட்டில் சுண்டுவாள். வளர்ந்ததும் வாய் அடங்கிய ஆள் என்றுதான் பேர். நெய்தலில் ஆறு சீசன் இருந்தான், பாதி நாள் பெஞ்சில்தான், அங்கேயும் அப்படித்தான் பேர். புதிதாகக் குரோஷியாக்காரன் ஒருத்தனைக் கோலுக்கு வாங்குகிறார்கள் என்று தெரிந்தபோதும் பேசவில்லை. மகளுக்குக் காது குத்து, பெரியபாளையத்தில் ஆசாரி ஊசியை எடுக்கிற நேரத்தில் போன் வந்தது. மேனேஜர். "ஒரு சீசன்தான் டில்லி, உன்னை விக்கலை, போய் நல்லா ஆடிட்டு வா, உனக்குத்தான் நல்லது" என்றார். விற்கவில்லை என்று அவர் சொன்ன விதத்தில் ஒரு கருணை இருந்தது. அந்தப் பக்கம் மகள் அலறினாள், இந்தப் பக்கம் இவன் சரி சார் என்றான். பாதிச் சம்பளம் அவர்கள், பாதிச் சம்பளம் இவர்கள், வேண்டுமென்றால் ஜனவரியில் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுவார்கள். ஜனவரியில் கூப்பிடவில்லை. கோயம்புத்தூரில் கிளப் கொடுத்த வீட்டில் குளியலறைக்குள் போனால் பாதி கரைந்த சோப்பு ஒன்றும் உறைந்துபோன தேங்காய் எண்ணெய் பாட்டிலும் இருந்தன. போன சீசன் லோனில் வந்தவன் விட்டுப் போனது. டில்லி அவற்றைத் தூக்கிப் போடவில்லை, தொடவும் இல்லை. தன்னுடைய சோப்பை அதன் பக்கத்திலேயே வைத்தான். அடுத்த சீசன் வருகிறவன் இரண்டையும் பார்ப்பான். "நீ எந்த டீமுப்பா" என்று மகள் போனில் கேட்டபோது நெய்தல்தாம்மா என்றான். அப்ப இவங்க என்றாள். இவங்களுந்தான் என்றான். அது எப்படி என்று அவள் கேட்கவில்லை. குழந்தைக்குக் கூட எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

கீழே நெய்தலின் ததேயு பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினான். எத்தனை பேர் ஒரே சட்டையில் ஓடினாலும் அவனைக் கண்டுபிடித்துவிடலாம், அலையில் வள்ளம் தள்ளுகிறவன் மாதிரி முன்னால் சாய்ந்து ஓடுவான். குமரிக் கடற்கரைக்காரன். நெய்தலில் இருவரும் ஒரே வருஷம் சேர்ந்தார்கள், ஒரே அறை. வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் டில்லியின் குறட்டைக்கு அவன் காதில் பஞ்சு வைத்துக்கொள்வான், காலையில் அந்தப் பஞ்சை டில்லியின் மூக்கில் வைத்துவிட்டுச் சிரிப்பான். அவன் கல்யாணத்துக்கு டில்லி குடும்பத்தோடு போயிருந்தான். ததேயுவின் முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் தலையில் தண்ணீர் ஊற்றியபோது, சாமி கும்பிடுகிற முறை தெரியாமல் இவன் எல்லோருக்கும் முன்னால் முட்டி போட்டான். அவன் இப்போது ஆடும் ஆட்டம் சாதாரண ஆட்டம் இல்லை என்பது இந்த மைதானத்தில் அவனைத் தவிர டில்லிக்கு மட்டும்தான் தெரியும். முந்தாநாள் மத்தியானம் கூப்பிட்டிருந்தான். "மக்கா, இந்தத் தடவ என்னத்தையாவது செஞ்சு காட்டணும் பாத்துக்கோ. இல்லேன்னா என்னையும் லோனுக்குத் தள்ளிவிட்டிருவானுவ. வடகிழக்குல ஒரு கிளப்பு கேக்குதாம். வீட்டுக்காரிக்கு இது ஆறாம் மாசம்லே, அவள விட்டுட்டு அங்கன போய் என்ன செய்ய" என்றான். லோனில் போவதைப் பற்றி லோனில் போனவனிடம் சொல்கிறோமே என்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும், "ஒனக்கென்ன, ஒன்ன அங்க எல்லாவனும் தலையில தூக்கி வச்சு ஆடுதானுவளாம்லா" என்று சிரித்தான். ஆமா என்றான் டில்லி. தலையில்தான். ஆடி முடித்ததும் இறக்கி வைத்துவிடுவார்கள்.

நெய்தலின் இடது பக்க ஆள் பெனால்டி பெட்டிக்குள் தடுக்கி விழுந்தான். நடுவர் எழுந்திரு என்று கையைக் காட்டிவிட்டு ஓடினார். நல்ல மனுஷன், மகராசன். பெனால்டி வரக் கூடாது, வேறு எது வேண்டுமானாலும் வரட்டும். முதல் பாதியிலேயே நொய்யல் ஒரு கோல் போட்டுவிட்டது. ததேயு ஓடி வந்து நல்லதாக ஒரு கோல் போட்டுச் சமன் செய்யட்டும், இரண்டு கூடப் போடட்டும், நொய்யல் தோற்றால் தோற்கட்டும் என்று நினைத்துவிட்டு, பட்டறைக்காரர் காதில் விழுந்திருக்குமோ என்பதுபோல அவரைத் திரும்பிப் பார்த்தான். அவர் அடுத்த பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். பெனால்டி மட்டும் வேண்டாம். இந்தச் சீசன் முழுக்க நெய்தலுக்கு வந்ததே ஒன்றோ இரண்டோதான், அதையும் அங்கே ஆடுகிற பிரேசில்காரன்தான் அடித்தான். வந்தாலும் அவன்தான் அடிப்பான். இதைக் காலையிலிருந்து எத்தனை தரம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான் என்று தெரியவில்லை. சொல்லச் சொல்ல நம்பிக்கை தேய்ந்துகொண்டே வந்தது.

விஷயம் சின்ன விஷயம். ததேயு பெனால்டி அடிக்கப் பந்தை வைத்தால், வைத்த பிறகு அதை ஒரு தட்டுத் தட்டுவான். வேலைக்குப் போகிற அப்பன் பிள்ளை முதுகில் தட்டுவானே, அப்படி. வலது கையால் தட்டினால் தன் வலது பக்கம் அடிப்பான், இடது கையால் தட்டினால் இடது பக்கம். அவனுக்கே இது தெரியாது. கை முடிவு செய்துவிடும், மூளைக்குச் செய்தி பிறகுதான் போகும். சேர்ந்த முதல் வருஷமே, பயிற்சி முடிந்த ஒரு சாயங்காலம், மற்றவர்கள் எல்லாம் போன பிறகு இருவரும் மட்டும் அடித்துக்கொண்டும் பிடித்துக்கொண்டும் இருந்தபோது டில்லி இதைக் கண்டுகொண்டான். அதற்குப் பிறகு ததேயுவின் பெனால்டியை அவன் விட்டதே இல்லை. உலகத்தில் எந்தக் கீப்பருக்கு எதிராகவும் கண்ணை மூடிக்கொண்டு கோல் போடுகிறவன் டில்லி நின்றால் மட்டும் மாட்டிக்கொள்வான். "எப்பிடிலே புடிக்க, சொல்லித் தொலையேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டு கேட்பான். "உன் மூஞ்சி சொல்து மச்சி" என்பான் டில்லி. இரண்டு நாள் கண்ணாடி முன்னால் நின்று மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான் பாவம். சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஆனால் பிறகு வந்த பயிற்சிச் சாயங்காலங்களில் பெஞ்சுக் கீப்பர் டில்லியைப் பார்த்துக் கோச் விசில் அடிப்பார், ஆட்கள் கை தட்டுவார்கள். அந்தச் சுகத்தை விட மனசு வரவில்லை. தவிரவும் அது ஒன்றுதான் இவனுக்கென்று இருந்தது. இவனுடைய கால், கை, சட்டை முதுகில் இருக்கும் பெயர், எல்லாமே கிளப்புடையது. யாருக்கு வேண்டுமானாலும் அவர்கள் இரவல் கொடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு ரகசியம் எந்த அக்ரிமெண்ட்டிலும் இல்லை, முழுக்க முழுக்க இவன் சொத்து. சொந்தக்காரனுக்கே சொல்லாமல் வைத்திருந்ததைத்தான் காலையில் ஊரார் முன்னால் அவிழ்த்துக் கொட்டினான். யாரும் கேட்கவில்லை.

ஜாபர் கூடக் கேட்கவில்லை. இன்றைக்கு டில்லிக்குப் பதிலாக நிற்கிறவன் அவன், உக்கடத்துப் பிள்ளை, இரண்டாவது கீப்பர். காலை மீட்டிங்கில் திரையில் நெய்தல் ஆட்களின் வீடியோ ஓடியது. ஆரம்பிக்கும் முன்னால் கோச் வேணுகோபாலன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். பாலக்காட்டுக்காரர், குரலை உயர்த்தத் தெரியாதவர். "டில்லி, நீ வேணும்னா வெளியே போய்ச் சாயா குடிச்சிட்டு வா. உனக்கும் சங்கடம் வேண்டாம், எனக்கும் வேண்டாம்." வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு போ என்று சொன்ன மனிதர். போயிருக்கலாம். வெளியில் சாயா கூட இருந்தது. ஆனால் இவன் டீம் சட்டை மாட்டாத ஒரு நாளில் எல்லோரும் ஒரே நிறத்தில் உட்கார்ந்திருக்க, இவன் மட்டும் கட்டம் போட்ட சட்டையில் நின்றான். யாரோ ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். என்ன என்று இவனுக்குப் புரியவில்லை. பரவாயில்ல சார் இருக்கிறேன் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தான். ததேயு திரையில் வந்தான். ஓடினான், விழுந்தான், எழுந்தான், போன சீசனில் இரண்டு பெனால்டி அடித்தான். "இவன் பெனால்டி அடிச்சாத்தானுங்க கஷ்டம், எந்தப் பக்கம்னே தெரியாது" என்று ஜாபர் தன் பாட்டுக்குச் சொன்னான், யாரையும் பார்க்காமல், கொட்டாவி விடுகிற மாதிரி. கோச் அடுத்த ஆளுக்கு வீடியோவைத் தள்ளிவிட்டார். அந்த இடத்தில் அது முடிந்துபோயிருக்க வேண்டியது. "பந்த வச்சிட்டுத் தட்டுவான் பாரு" என்று ஒரு குரல் கேட்டது. அது டில்லியின் குரல். "எந்தக் கையில தட்றானோ அந்தப் பக்கம்." வீடியோவைத் திருப்பிப் போட்டார்கள். தட்டினான், அடித்தான். இன்னொன்று போட்டார்கள். தட்டினான், அடித்தான். அறை முழுக்கத் திரும்பி இவனைப் பார்த்தது. யாரோ கை தட்டினார்கள். கோச் தோளில் கை வைத்தார், அந்தக் கை கொஞ்சம் தயங்கித்தான் வைத்தது என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. ஜாபர், "ணா, நீங்க வேற லெவல்ங்ணா" என்று கட்டிக்கொண்டான். ஏழு மாசத்தில் இன்றைக்குத்தான் டில்லி அந்த டீம் ஆளாக இருந்தான். காலரிப் படி ஏறி முடிக்கிற வரைக்கும் அந்தச் சூடு உடம்பில் இருந்தது. உட்கார்ந்ததும் போய்விட்டது.

இடைவேளையில் போனை எடுத்து ததேயுவுக்கு "தட்டாத" என்று எழுதினான். ஆட்டம் முடிகிற வரை அவன் போன் மேனேஜரின் பையில் இருக்கும். பிறகு பார்த்து என்ன. அழித்துவிட்டான். எழுந்து வேலி வரைக்கும் போய்க் கத்தலாமா என்றால், கத்தி என்ன சொல்வது, யார் காதில் விழும், விழுந்தால் அதற்கு என்ன பெயர். அங்கே காட்டிக் கொடுத்ததற்கு இங்கே காட்டிக் கொடுத்தால் சரியாகிவிடுமா. இப்படி ஒரு கணக்கைப் போட்டும் அழித்தும் கொண்டிருந்தபோது பட்டறைக்காரர் எழுந்து நின்று "அட சண்டாளா" என்றார். டில்லி என்னையா என்று அண்ணாந்தான். அவர் நடுவரைச் சொன்னார். நொய்யலின் தடுப்பாட்டக்காரன் கையில் பந்து பட்டிருந்தது. நடுவரின் விரல் வெள்ளைப் புள்ளியைக் காட்டிக்கொண்டிருந்தது. பிரேசில்காரன் அடிப்பான். பிரேசில்காரன்தான் அடிப்பான், அவன் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து வருகிறான் பார். ததேயு அவனிடம் போனான். தோளில் கை போட்டான். ஏதோ பேசினான், தமிழில்தான் பேசியிருப்பான், அவனுக்கு வேறென்ன தெரியும். பந்து கை மாறியது. டேய், வேணாண்டா. குடுத்துடுடா அவன்கிட்ட. டில்லி எழுந்து நின்றான், எல்லோரும் நின்றதால் யாருக்கும் தெரியவில்லை. ததேயு குனிந்தான். பந்தைப் புல்லில் வைத்தான். ஒரு நொடி அப்படியே இருந்தான், தட்டாமல் நிமிர்ந்துவிடுவான் போல இருந்தது, ஒரு நொடி டில்லி இருக்கிற சாமிகளுக்கெல்லாம் நன்றி சொன்னான். பிறகு அந்த வலது கை இறங்கியது.

சத்தம் காதை அடைத்தது. பட்டறைக்காரர் இவனைக் கட்டிக்கொண்டு குதித்தார். கடலையெல்லாம் இவன் சட்டைக்குள் போனது. ததேயு அடித்தது நல்ல அடி, கம்பத்தை ஒட்டித் தரையோடு போன அடி. பக்கம் தெரியாமல் எவனும் பிடிக்க முடியாத அடி. ததேயுவின் கால் பந்தில் படும் முன்பே ஜாபர் விழ ஆரம்பித்துவிட்டான். பந்தை அணைத்துக்கொண்டு எழுந்தவன் செய்த முதல் காரியம், இந்தக் காலரியைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி டில்லியைக் கும்பிட்டதுதான். நன்றியுள்ள பிள்ளை, நாசமாய்ப் போக. டில்லி அவிழாத ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தான். நாற்காலிகளின் இடுக்கில் கடலைத் தோலையும் எச்சிலையும் பார்த்தபடி எவ்வளவு நேரம் கட்டினானோ. தலையைத் தூக்கியபோது ததேயு இன்னும் புள்ளிக்குப் பக்கத்திலேயே இடுப்பில் கை வைத்து நின்றான். அவனும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவனை வெளியே எடுத்து வேறொருத்தனை இறக்கினார்கள். நெய்தல் கோச் அவனுக்குக் கை கூடக் கொடுக்கவில்லை.

ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு பின் வாசல் வழியாக நழுவிவிடத்தான் டில்லி நினைத்தான். பின் வாசலில்தான் நெய்தலின் பஸ் நின்றது. இதுகூடத் தெரியாமல் என்ன ஊர்க்காரனோ. "மக்கா" என்று குரல் கேட்டது. ததேயு ஈரத் தலையோடு படியில் நின்றான், கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம். இறங்கி வந்து தோளில் தோளை இடித்தான். "என்னலே இப்பிடி மெலிஞ்சு போன, சோறு போடுதானுவளா இல்லையா" என்றான். கண் சிவந்திருந்தது, தண்ணீர் பட்டதாக இருக்கலாம். "அந்தப் பையன் ஒன்னயப் பாத்துல்லா கும்புட்டான். நல்லாப் பழக்கி விட்டுருக்க. நல்ல கீப்பரு." "நீ இன்னாத்துக்குப் பந்த வாங்கின. அந்த பிரேசில்காரன்தான அட்ச்சிருக்கணும்" என்றான் டில்லி, ஏதோ அவன் மேல்தான் தப்பு என்கிற மாதிரி. ததேயு சிரித்தான். "நாந்தான் கேட்டு வாங்கினேன். லோகத்துல என்னயப் புடிக்கது நீ ஒருத்தந்தானலே. நீ மேல உக்காந்திருந்த. உள்ள நீ இல்லேல்லா, அதான் தைரியமா வாங்கினேன்."

பஸ்ஸில் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். "போட்டும், பாத்துக்கலாம். வடகிழக்குல நல்ல குளிராம்" என்றான் ததேயு. "வீட்டுக்காரி நெத்தோலிக் கருவாடு குடுத்து விட்டா, ஒனக்குன்னு தனியா காய வச்சது. அந்தப் பிள்ள மெலிஞ்சு போயிருக்கும்னா." பொட்டலத்தை டில்லியின் இரண்டு கைக்குள்ளும் வைத்தான். வைத்துவிட்டு வலது கையால் அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினான். டில்லி அந்தக் கையைப் பார்த்தான். சொல்லாமல் இருந்துவிடலாம். ததேயுவுக்கு இது ஒரு நாளும் தெரியப் போவதில்லை, அங்கே குளிரில் எங்கேயோ நின்று அவன் மறுபடி தட்டிக்கொண்டிருப்பான், நொய்யல்காரர்கள் இன்னொருத்தருக்குச் சொல்லியிருப்பார்கள், அந்த இன்னொருத்தர் இன்னொருத்தருக்கு. "இனிமே பந்த வச்சிட்டுத் தட்டாத ததேயு" என்றான். "எந்தக் கையில தட்றியோ அந்தப் பக்கந்தான் அடிக்கிற." ததேயு விளங்காமல் சிரித்துக்கொண்டே இருந்தான். பிறகு சிரிப்பு நின்றது. தன் வலது கையைத் தூக்கி, யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். பார்வை மெதுவாகக் காலரிப் பக்கம் போய், அங்கிருந்து டில்லியின் முகத்துக்கு வந்தது. "எப்பத்துலேருந்து தெரியும்?" என்றான். "மொத வருசம்." அவன் தலையை ஆட்டினான். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டால் டில்லி எல்லாவற்றையும் சொல்லியிருப்பான், யாரும் கேட்காமல்தான் சொன்னேன் என்பதைக்கூட. ததேயு படியேறி உள்ளே போய் மறுபக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான். பஸ் கிளம்பி வளைந்து ரோட்டில் ஏறும் வரை டில்லி பொட்டலத்தை ஏந்தியபடி நின்றான். அதை அவன் திருப்பிக் கேட்டிருக்கலாம்.